பிரைமரி கீ, இண்டெக்ஸ்: ஒரு டேபிளுக்கு எது வேண்டும் என்று முடிவு செய்வது எப்படி

ஐயாயிரம் பதிவுகள் உள்ள டேபிளில் எந்தத் தவறும் வெளியே தெரியாது. மொத்த டேபிளும் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும். இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்த டேபிளோடு வைக்கும் துணைப் பட்டியல்) இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதில் சட்டென்று வந்துவிடும். அதே டேபிள் 2 கோடிப் பதிவுகளைத் தொடும்போதுதான் முதல் நாள் அவசரத்தில் எடுத்த முடிவுகள் தலை தூக்கும். இண்டெக்ஸை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம், நீக்கலாம். பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பு, அப்படியல்ல. மற்ற டேபிள்கள், அப்ளிகேஷன் கோட், வெளியே கொடுத்த லிங்க் என்று எல்லா இடத்திலும் அது பரவியிருக்கும். ஆகவே டேபிளை உருவாக்கும் நாளில் மூளையைச் செலவழிக்க வேண்டியது பிரைமரி கீயில். இண்டெக்ஸுக்கு, என்னென்ன குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) ஓடுகிறது என்று தெரியும்வரை பொறுத்திருக்கலாம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு நூலக டேட்டாபேஸை வைத்துக்கொள்வோம். நூல்கள், பிரதிகள் (ஒரே நூலுக்குப் பல பிரதிகள் இருக்கும்), உறுப்பினர்கள், இரவல்கள் என்று நான்கு டேபிள்கள். இரவல்களில்தான் 2 கோடிப் பதிவுகள்: எண், பிரதி_எண், உறுப்பினர்_எண், எடுத்த_நேரம், கெடு_நாள், திருப்பிய_நாள்.

முதலில், டிஸ்க்கில் என்ன இருக்கிறது

சாதாரணமாக நாம் உருவாக்கும் இண்டெக்ஸ் பி-ட்ரீ வகை. கீ மதிப்புகள் வரிசைப்படுத்தப்பட்டுப் பக்கம் பக்கமாக அடுக்கியிருக்கும். மேல்மட்டப் பக்கங்கள் கீழே எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் மென்பொருளின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியில் ஒரு பக்கம் 16 கேபி. போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர் என்ற மற்ற டேட்டாபேஸ் மென்பொருள்களில் 8 கேபி.

பதிவு எங்கே இருக்கிறது என்பதில்தான் பெரிய வித்தியாசம். இன்னோடிபியில் டேபிளே பிரைமரி கீ வரிசையில் அடுக்கப்பட்ட ஒரு பி-ட்ரீ. மற்ற இண்டெக்ஸ் ஒவ்வொன்றும் தன் அடிப்பக்கத்தில் பிரைமரி கீயின் நகலைச் சுமக்கும். அந்த இண்டெக்ஸ் வழியாகத் தேடினால் முதலில் பிரைமரி கீ கிடைக்கும், பிறகு அதை வைத்து இன்னொரு மரத்தில் இறங்க வேண்டும். பிரைமரி கீ கொடுக்காவிட்டால், காலியாக இருக்க அனுமதியில்லாத முதல் யுனிக் இண்டெக்ஸை (ஒரே மதிப்பு இருமுறை வர விடாத இண்டெக்ஸ்) இன்னோடிபி எடுத்துக்கொள்ளும். அதுவும் இல்லையென்றால் 6 பைட்டில் மறைவான ஓர் எண்ணைத் தானே வைத்துக்கொள்ளும். அந்த எண்ணை நம்மால் எதற்கும் பயன்படுத்த முடியாது.

போஸ்ட்கிரெஸில் பதிவுகள் வரிசை எதுவுமின்றி ஒரு குவியலில் கிடக்கும். பிரைமரி கீ உட்பட எல்லா இண்டெக்ஸும் அந்தக் குவியலில் எந்தப் பக்கம், எத்தனையாவது இடம் என்று சுட்டும். எஸ்க்யூஎல் சர்வரில் இரண்டுக்கும் வழி உண்டு. நாம் எதுவும் சொல்லாவிட்டால் பிரைமரி கீயே கிளஸ்டர்டு இண்டெக்ஸாகிவிடும், அதாவது பதிவுகள் அதன் வரிசையிலேயே அடுக்கப்படும்.

கீயின் அளவு என்ன செய்யும் என்று இன்னோடிபியை வைத்து ஒரு தோராயக் கணக்குப் போடலாம். கீ 8 பைட், கூடவே வரும் சில்லறைச் செலவோடு 20 பைட் என்று கொண்டால் ஒரு வழிகாட்டிப் பக்கத்தில் சுமார் 800 கீகள் அடங்கும். பதிவு ஒன்று 200 பைட் என்றால் அடிப்பக்கத்தில் 75 பதிவுகள். மூன்றே மட்டத்தில் 800 × 800 × 75, அதாவது 4.8 கோடிப் பதிவுகள். அதே கீ 36 எழுத்துள்ள சரமாக இருந்தால் பக்கத்துக்கு 340 கீகள்தான். மூன்று மட்டத்தில் 87 லட்சத்தோடு நின்றுவிடும். ஒரு மட்டம் கூடுவதால் மட்டும் குடி முழுகிப் போகாது, மேல்மட்டங்கள் எப்போதும் நினைவகத்திலேயே இருக்கும். உண்மையான இழப்பு வேறு இடத்தில்: அந்த 36 பைட், ஒவ்வொரு இண்டெக்ஸிலும் ஒவ்வொரு பதிவுக்கும் மறுபடி மறுபடி எழுதப்படுகிறது. ஐந்து இண்டெக்ஸ், 2 கோடிப் பதிவு என்றால் கீயின் நகலுக்கு மட்டுமே 3.6 ஜிபி. 8 பைட் எண்ணாக இருந்தால் 0.8 ஜிபி.

படி 1: பிரைமரி கீ

பிரைமரி கீக்கு நான்கு தகுதிகள் பாருங்கள். இரண்டு பதிவுகளுக்கு ஒரே மதிப்பு வரக்கூடாது. காலியாக இருக்கக்கூடாது. ஒருநாளும் மாறக்கூடாது. சிறியதாக இருக்க வேண்டும். முதல் இரண்டையும் டேட்டாபேஸே கட்டாயப்படுத்தும். மூன்றாவதை நாம்தான் யோசிக்க வேண்டும், சறுக்குவதும் அங்கேதான்.

நூல்கள் டேபிளுக்கு ஐஎஸ்பிஎன் எண்ணையே பிரைமரி கீயாக வைக்கலாமே என்று தோன்றும். உலகம் முழுக்க ஒரு பதிப்புக்கு ஓர் எண். இதைவிட என்ன வேண்டும்? ஆனால் 2007 ஜனவரி 1 முதல் ஐஎஸ்பிஎன் 10 இலக்கத்திலிருந்து 13 இலக்கமாகிவிட்டது. அதை கீயாக வைத்திருந்தவர்கள் நூல்கள் டேபிளோடு, அதைச் சுட்டிய எல்லா டேபிள்களையும் மாற்ற வேண்டிவந்திருக்கும். 1970-க்கு முந்தைய நூல்களுக்கு ஐஎஸ்பிஎன்னே கிடையாது. கெட்டி அட்டைக்கும் சாதா அட்டைக்கும் வேறு வேறு எண். பழைய எண்ணையே வேறு நூலுக்கு மறுபடி போட்டுவிடும் பதிப்பகங்களும் உண்டு. கடைசி இலக்கத்தில் எக்ஸ் என்ற எழுத்து வரக்கூடும் என்பதால் எண் வகையில் வைக்கவும் முடியாது. மின்னஞ்சல், தொலைபேசி எண், பணியாளர் எண் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நம் கையில் இல்லாத ஒருவர் வழங்கும் அடையாளத்தை பிரைமரி கீயாக வைத்தால், அவர் விதியை மாற்றும்போது நம் டேபிள் ஆடும்.

ஆகவே அர்த்தம் எதுவும் இல்லாத ஓர் எண்ணை பிரைமரி கீயாக வையுங்கள். ஐஎஸ்பிஎன்னுக்குத் தனியே யுனிக் விதி போடுங்கள். இரண்டாவதை மறந்தால் ஒரே நூல் மூன்று எண்களில் மூன்று முறை ஏறிவிடும், டேட்டாபேஸ் வாய் திறக்காது.

எண் என்றால் 4 பைட் இன்டா, 8 பைட் பிக்இன்டா? வளரும் டேபிள் என்றால் யோசிக்காமல் பிக்இன்ட். இன்டின் உச்சம் 2147483647. நொடிக்கு 100 பதிவு சேரும் டேபிள் 248 நாளில் அங்கே போய் முட்டும். நம்மிடம் 30 கோடிப் பதிவுதானே இருக்கிறது, இன்னும் நிறைய இடம் இருக்கிறதே என்ற கணக்கும் ஏமாற்றும். இருந்தால் புதுப்பி, இல்லையென்றால் சேர் என்ற வகைக் கட்டளைகள், பதிவு சேராவிட்டாலும் ஓர் எண்ணைச் செலவழித்துவிடும். மைஎஸ்க்யூஎல்லிலும் போஸ்ட்கிரெஸிலும் இதுதான் நடக்கிறது. பின்வாங்கிய டிரான்சாக்ஷனும் (முழுதாக நடக்கும் அல்லது முழுதாக ரத்தாகும் கட்டளைத் தொகுப்பு) எண்ணைத் திருப்பித் தராது. எனவே பதிவுகளை எண்ணாதீர்கள், கடைசியாக வழங்கப்பட்ட எண்ணைப் பாருங்கள். இடையில் இடைவெளி விழும் என்பதால், தொடர்ச்சி தேவைப்படும் ரசீது எண்ணுக்கும் இதைப் பயன்படுத்தக்கூடாது.

பிரைமரி கீயை பிக்இன்டாக மாற்றிவிட்டு, மற்ற டேபிள்களிலிருந்து அதைச் சுட்டும் ஃபாரின் கீ நெடுவரிசைகளை இன்டாகவே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டும் ஒரே வகையில் இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் இந்த மாற்றம் மொத்த டேபிளையும் புதிதாக எழுதும்; அது முடியும்வரை யாரும் படிக்கக்கூட முடியாது. அன்றைய இரவுப் பணியோடு ஒப்பிட்டால், முதல் நாளே கூடுதலாக 4 பைட் கொடுப்பது மலிவு.

யுயுஐடி வேண்டுமென்றால்

பல இடங்களில் ஒரே நேரத்தில் பதிவுகள் உருவாகி, பிறகு ஓரிடத்தில் சேர வேண்டும் என்றால் யுயுஐடி (எங்கே உருவாக்கினாலும் மோதாத 16 பைட் அடையாளம்) சரியான தேர்வு. சிக்கல் அதில் இல்லை, எந்த வகை என்பதில் இருக்கிறது. பதிப்பு 4 முழுக்கத் தற்செயலானது. புதிய பதிவு ஒவ்வொன்றும் மரத்தின் ஏதோ ஒரு மூலையில் போய் விழும். அந்தப் பக்கம் நினைவகத்தில் இல்லையென்றால் டிஸ்க்கிலிருந்து எடுக்க வேண்டும். அது நிறைந்திருந்தால் இரண்டாகப் பிளக்க வேண்டும், பிளந்தவை பாதி காலியாகக் கிடக்கும். ஏறுவரிசையில் வரும் கீ என்றால் இன்னோடிபி பக்கத்தை 16-இல் 15 பங்கு வரை நிரப்பும். தற்செயல் வரிசையில் அது பாதியிலிருந்து 15 பங்கு வரை எங்கும் இருக்கலாம். போஸ்ட்கிரெஸில் இன்னொரு செலவும் உண்டு: செக்பாயிண்டுக்குப் (அதுவரையான மாற்றங்களை டிஸ்க்கில் எழுதி முடிக்கும் கட்டம்) பிறகு ஒரு பக்கத்தை முதல்முறை தொடும்போது அந்த முழுப் பக்கமும், மாற்றங்களைப் பதியும் லாகில் எழுதப்படும். எழுதும் இடங்கள் எங்கெங்கோ சிதறினால் லாக் ஊதிப் பெருகும்.

2024 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தர ஆவணம் தரப்படுத்திய பதிப்பு 7 இதைத் தீர்க்கிறது. முதல் 48 பிட்டில் மில்லிசெகண்ட் அளவில் நேரம் இருக்கும் என்பதால் புதியவை எல்லாம் கடைசியில் வந்து சேரும். போஸ்ட்கிரெஸ் 18-இல் இதை உருவாக்கும் ஃபங்ஷன் உள்ளேயே வருகிறது. எஸ்க்யூஎல் சர்வரில் மட்டும் எச்சரிக்கை தேவை: அது யுயுஐடியை ஒப்பிடும்போது கடைசி 6 பைட்டை முதலில் பார்க்கும், ஆகவே பதிப்பு 7-இன் வரிசை அங்கே பலிக்காது.

எந்தப் பதிப்பானாலும் 16 பைட்டில் சேமியுங்கள். போஸ்ட்கிரெஸில் அதற்கென்றே வகை உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் 16 பைட் பைனரி. 36 எழுத்துச் சரமாக வைப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் கிடையாது, படிக்க எளிது என்பதைத் தவிர.

வரிசை எண்ணை வெளி லிங்க்கில் காட்டினால் மொத்தம் எத்தனை உறுப்பினர்கள் என்று யாரும் ஊகித்துவிடலாம். பதிப்பு 7 காட்டினால் பதிவு உருவான நேரம் தெரிந்துவிடும். இரண்டும் கூடாது என்றால், உள்ளே பிக்இன்ட் பிரைமரி கீ, வெளியே காட்ட யுனிக் விதியோடு பதிப்பு 4 யுயுஐடி நெடுவரிசை ஒன்று. இந்தக் கலவை பெரும்பாலான டேபிள்களுக்குப் பொருந்தும்.

இணைப்பு டேபிளுக்குத் தனி எண் வேண்டாம். நூலையும் ஆசிரியரையும் இணைக்கும் டேபிளில் (நூல்_எண், ஆசிரியர்_எண்) இரண்டும் சேர்ந்தே பிரைமரி கீ. ஆசிரியரை வைத்தும் தேடுவோம் என்பதால் எதிர்த்திசையில் (ஆசிரியர்_எண், நூல்_எண்) ஓர் இண்டெக்ஸ். இன்னோடிபியில் (ஆசிரியர்_எண்) மட்டும் போதும், நூல்_எண் பிரைமரி கீயின் பகுதியாகத் தானே ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

படி 2: யுனிக் விதிகள்

இவை வேகத்துக்காக அல்ல, தரவு சரியாக இருப்பதற்காக. குவெரிகளைப் பார்க்கும் முன்பே இவற்றை முடித்துவிடலாம்.

ஒரு பிரதி ஒரே நேரத்தில் இருவரிடம் இருக்க முடியாது. இந்த விதியை அப்ளிகேஷனில் சோதித்தால் என்ன ஆகும்? இரண்டு கவுண்டர்களில் ஒரே நொடியில் கோரிக்கை வருகிறது. திரும்பாத இரவல் இருக்கிறதா என்று இருவரும் பார்க்கிறார்கள், இருவருக்கும் இல்லை என்றே பதில், இருவரும் பதிவைச் சேர்த்துவிடுகிறார்கள். டேட்டாபேஸ்தான் இதைத் தடுக்க முடியும்: பிரதி_எண் மேல் யுனிக் இண்டெக்ஸ், ஆனால் திருப்பிய_நாள் காலியாக உள்ள பதிவுகளுக்கு மட்டும். இப்படி நிபந்தனையோடு கூடிய இண்டெக்ஸ் போஸ்ட்கிரெஸிலும் எஸ்க்யூஎல் சர்வரிலும் உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் இல்லை; அங்கே ஒரு கணக்கிட்ட நெடுவரிசையைச் சேர்க்க வேண்டும். திருப்பிய_நாள் காலி என்றால் பிரதி_எண், இல்லையென்றால் நல் (காலி மதிப்பு) என்று அதை வரையறுத்து, அதன்மேல் யுனிக் போட்டால் அதே பலன். நல் மதிப்புகள் எத்தனை வந்தாலும் மைஎஸ்க்யூஎல் மோதலாக எடுத்துக்கொள்ளாது.

அந்த நல் விஷயத்தில் டேட்டாபேஸ்கள் ஒத்துப்போவதில்லை. போஸ்ட்கிரெஸும் மைஎஸ்க்யூஎல்லும் யுனிக் நெடுவரிசையில் பல நல்களை அனுமதிக்கும், எஸ்க்யூஎல் சர்வர் ஒன்றைத்தான் அனுமதிக்கும். போஸ்ட்கிரெஸ் 15 முதல், நல்களையும் ஒன்றாகவே கருது என்று சொல்ல வழி வந்திருக்கிறது. யுனிக் விதியில் நல் வரக்கூடிய நெடுவரிசை இருந்தால், இரட்டைப் பதிவு ஒன்றைச் சேர்த்துப் பார்த்துவிட்டே நம்புங்கள்.

படி 3: குவெரிகளைத் திரட்டுவது

டேபிளைப் பார்த்து இண்டெக்ஸ் போடாதீர்கள். குவெரியைப் பார்த்துப் போடுங்கள். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒன்று என்று போட்டு வைப்பது பாதுகாப்பு போலத் தெரியும், உண்மையில் எழுதும் வேகத்தைத்தான் தின்னும்.

போஸ்ட்கிரெஸில் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் நீட்சியை இயக்குங்கள். மைஎஸ்க்யூஎல்லில் ஸ்லோ குவெரி லாகை இயக்குங்கள். அதன் எல்லை இயல்பாக 10 நொடி என்று இருக்கும், அது எதையும் பிடிக்காது, 0.5 நொடிக்குக் குறையுங்கள். ஒரு வாரமாவது ஓடவிட்டு, சராசரி நேரத்தை வைத்து அல்லாமல் மொத்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள். நாளுக்கு ஒருமுறை 20 நொடி ஓடும் அறிக்கை கண்ணை உறுத்தும். ஆனால் 5 மில்லிசெகண்ட் குவெரி நாளுக்கு 10 லட்சம் முறை ஓடினால் அது 5000 நொடி. முதலில் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

படி 4: பல நெடுவரிசை இண்டெக்ஸில் வரிசை

திரட்டிய குவெரிகளில் முதலிடத்தில் இது இருக்கிறது என்று வைப்போம்: உறுப்பினர் 4711 கடந்த ஓராண்டில் எடுத்த இரவல்கள், புதியது முதலில், 20 மட்டும்.

(உறுப்பினர்_எண், எடுத்த_நேரம்) என்று இண்டெக்ஸ் போட்டால் மரத்தில் 4711 தொடங்கும் இடத்துக்கு ஒரே இறக்கம். அந்த உறுப்பினரின் இரவல்கள் நேர வரிசையில் பக்கத்து பக்கத்தில் இருக்கும். கடைசியிலிருந்து பின்னோக்கி 20 படித்தால் முடிந்தது. தனியாக வரிசைப்படுத்தும் வேலையே இல்லை.

இப்போது அதையே திருப்பி (எடுத்த_நேரம், உறுப்பினர்_எண்) என்று போடுங்கள். ஓராண்டின் இரவல்கள் 40 லட்சம் என்றால், எல்லா உறுப்பினர்களுடையதும் கலந்து கிடக்கும் அதற்குள் 4711-ஐத் தேடி நடக்க வேண்டும். நெடுவரிசைகள் அதேதான், வேலை மட்டும் பல்லாயிரம் மடங்கு.

விதி இது: சமம் என்று கேட்கும் நெடுவரிசைகள் முன்னால், அதன்பின் வரிசைப்படுத்தும் அல்லது பெரிது-சிறிது என்று கேட்கும் நெடுவரிசை. ஒரு பெரிது-சிறிது நிபந்தனைக்குப் பிறகு வரும் நெடுவரிசைகள் வடிகட்ட உதவும், தேடும் இடத்தைச் சுருக்காது. அதிக வேறுபட்ட மதிப்புகள் உள்ள நெடுவரிசையை முன்னால் வை என்று ஓர் அறிவுரை வெகுகாலமாகச் சுற்றிவருகிறது. எடுத்த_நேரத்தில்தான் வேறுபட்ட மதிப்புகள் அதிகம். அதை முன்னால் வைத்தால் என்ன ஆகும் என்று மேலேயே பார்த்துவிட்டோம். எல்லாமே சமம் என்ற நிபந்தனைகளாக இருந்தால் எது முன்னால் வந்தாலும் அந்தக் குவெரிக்குப் பெரிய வித்தியாசமில்லை. வேறு குவெரிகளுக்கும் பயன்படுவதை முன்னால் வையுங்கள்.

இந்த இண்டெக்ஸ் வந்தபின் (உறுப்பினர்_எண்) மட்டும் உள்ள பழைய இண்டெக்ஸ் பெரும்பாலும் தேவைப்படாது. இன்னோடிபியில் ஒரே ஒரு நுணுக்கம்: பழையதன் கடைசியில் பிரைமரி கீ மறைவாக இருப்பதால் ‘உறுப்பினர் 4711, எண் வரிசைப்படி’ என்ற குவெரிக்கு அது வரிசையோடு பதில் தந்துகொண்டிருக்கும். அதை நீக்கினால் அந்தக் குவெரி திடீரென்று தனியாக வரிசைப்படுத்தத் தொடங்கும். நீக்கும் முன் அப்படி ஒன்று ஓடுகிறதா என்று பாருங்கள்.

முதல் நெடுவரிசையைத் தாண்டிக் குதித்துத் தேடும் வசதி மைஎஸ்க்யூஎல் 8.0.13-இலும் போஸ்ட்கிரெஸ் 18-இலும் வந்திருக்கிறது. முதல் நெடுவரிசையில் சில மதிப்புகள்தான் இருந்தால் அது கைகொடுக்கும். அதை நம்பி இண்டெக்ஸைத் திட்டமிட வேண்டாம்.

பக்கம் பக்கமாகக் காட்டும்போது, இத்தனை பதிவுகளைத் தள்ளிவிட்டு அடுத்த 20 கொடு என்று கேட்டால், தள்ளிவிடும் பதிவுகளையும் டேட்டாபேஸ் படித்துத்தான் ஆக வேண்டும். கடைசியாகக் காட்டிய பதிவின் (எடுத்த_நேரம், எண்) இரண்டையும் கொடுத்து அதற்கு முந்தையவை என்று கேளுங்கள். எண்ணையும் சேர்ப்பது, ஒரே நேரத்தில் எடுத்த இரண்டு இரவல்களில் ஒன்று விட்டுப்போகாமல் இருக்க.

படி 5: ஃபாரின் கீ

மைஎஸ்க்யூஎல் ஃபாரின் கீ நெடுவரிசைக்குத் தானே இண்டெக்ஸ் போட்டுவிடும். போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர், ஆரக்கிள் மூன்றும் போடாது. விளைவு நாள்கழித்துத்தான் தெரியும். பிரதிகள் டேபிளில் ஒரு பதிவை நீக்குகிறீர்கள். அதைச் சுட்டும் இரவல் இருக்கிறதா என்று பார்க்க டேட்டாபேஸ் 2 கோடிப் பதிவுகளையும் வருடும். ஆயிரம் பிரதிகளை நீக்கினால் ஆயிரம் முறை வருடும். தாய் டேபிளில் நீக்கமோ கீ மாற்றமோ நடக்கும் என்றால் இந்த இண்டெக்ஸ் கட்டாயம். ஏற்கெனவே உள்ள பல நெடுவரிசை இண்டெக்ஸின் முதலிடத்தில் அந்த நெடுவரிசை இருந்தால் அதுவே போதும்.

படி 6: சின்ன இண்டெக்ஸ், நிறைவான இண்டெக்ஸ்

கெடு தாண்டியவர்களின் பட்டியல் தினமும் தேவை. 2 கோடி இரவல்களில் இன்னும் திரும்பாதவை 50 ஆயிரம் என்றால் எல்லாவற்றுக்கும் இண்டெக்ஸ் எதற்கு? திருப்பிய_நாள் காலியாக உள்ளவற்றுக்கு மட்டும் (கெடு_நாள்) மேல் நிபந்தனை இண்டெக்ஸ் போடுங்கள். சில எம்பிக்குள் அடங்கும், எப்போதும் நினைவகத்தில் இருக்கும். குவெரியிலும் அதே நிபந்தனையை வெளிப்படையாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் டேட்டாபேஸ் அந்த இண்டெக்ஸைத் திரும்பியும் பார்க்காது. ஆம்-இல்லை வகை நெடுவரிசைகளுக்கும் இதுவே வழி. இரண்டே மதிப்புள்ள நெடுவரிசையின் மேல் தனி இண்டெக்ஸ் பெரும்பாலும் வீண்.

குவெரி கேட்கும் எல்லா நெடுவரிசையும் இண்டெக்ஸிலேயே இருந்தால் டேபிளுக்குப் போகவே வேண்டாம். போஸ்ட்கிரெஸ் 11 முதல், தேடலுக்கு அல்லாமல் சுமந்து வருவதற்கு மட்டும் கூடுதல் நெடுவரிசைகளைச் சேர்க்கலாம். ஆனால் அங்கே வேக்கம் (போஸ்ட்கிரெஸின் துப்புரவு வேலை) ஒழுங்காக ஓட வேண்டும். ஒரு பக்கத்திலுள்ள பதிவுகள் எல்லோருக்கும் தெரியக்கூடியவை என்ற குறிப்பை அதுதான் எழுதுகிறது. குறிப்பு இல்லையென்றால் சரிபார்க்க டேபிளுக்குப் போகத்தான் வேண்டும்.

படி 7: இண்டெக்ஸ் இருந்தும் ஏன் ஓடவில்லை

நெடுவரிசையை ஃபங்ஷனுக்குள் வைப்பதுதான் முதல் காரணம். எடுத்த_நேரத்திலிருந்து ஆண்டைப் பிரித்து 2024-ஆ என்று கேட்டால் இண்டெக்ஸ் உதவாது. 2024 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின், 2025 ஜனவரி 1-க்கு முன் என்று எழுதுங்கள். மின்னஞ்சலைச் சின்ன எழுத்தாக்கித் தேடுவது தவிர்க்க முடியாதது என்றால் அந்தக் கணக்கின் மேலேயே இண்டெக்ஸ் போடலாம். போஸ்ட்கிரெஸில் எப்போதோ உண்டு, மைஎஸ்க்யூஎல்லில் 8.0.13 முதல்.

அடுத்தது, வகை பொருந்தாமை. அட்டை எண் சரமாக இருக்கிறது, குவெரி அதை மேற்கோள் குறியில்லாமல் வெறும் எண்ணாகக் கேட்கிறது. மைஎஸ்க்யூஎல் சத்தமில்லாமல் ஒவ்வொரு பதிவையும் எண்ணாக மாற்றிப் பார்க்கும், இண்டெக்ஸ் வீணாகும். போஸ்ட்கிரெஸ் பிழை என்று நேரடியாகச் சொல்லிவிடும், அதுவே மேல். எஸ்க்யூஎல் சர்வரில் வார்கேர் (சர வகை) நெடுவரிசைக்கு என்வார்கேர் (யுனிகோட் சர வகை) மதிப்பை அனுப்புவது இதே வகை நோய்.

சொல்லின் நடுவிலோ கடைசியிலோ தேடுவதற்கு பி-ட்ரீ உதவாது, தொடக்கம் தெரிய வேண்டும். போஸ்ட்கிரெஸில் சொல்லை மூன்று மூன்று எழுத்தாகப் பிரித்து வைக்கும் ட்ரைகிராம் இண்டெக்ஸ் அதற்கு மாற்று.

சிலநேரம் இண்டெக்ஸை ஒதுக்குவதே சரி. டேபிளின் பெரும்பகுதியைக் கேட்டால் நேராக வருடுவதுதான் வேகம். சோதனைக் கணினியில் 200 பதிவுகளை வைத்துக்கொண்டு இண்டெக்ஸ் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

குவெரி எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். அது குவெரியை உண்மையிலேயே ஓட்டும். போஸ்ட்கிரெஸில் நீக்கும் கட்டளைக்குக் கொடுத்தால் பதிவுகள் நிஜமாகவே போய்விடும், டிரான்சாக்ஷனுக்குள் ஓட்டிப் பின்வாங்குங்கள். மதிப்பிட்ட எண்ணிக்கைக்கும் உண்மையான எண்ணிக்கைக்கும் நூறு மடங்கு வித்தியாசம் இருந்தால் புள்ளிவிவரம் பழசாகியிருக்கலாம்; அனலைஸ் கட்டளை கொடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். வடிகட்டித் தள்ளிய பதிவுகள் லட்சக்கணக்கில் இருந்தால் இண்டெக்ஸின் நெடுவரிசை வரிசை தவறு. மைஎஸ்க்யூஎல்லின் சாதாரண எக்ஸ்பிளெயினில் கீ_லென் என்ற எண்ணைக் கவனியுங்கள். நம் இண்டெக்ஸில் பிக்இன்ட் 8 பைட், டேட்டைம் 5 பைட். இரண்டும் காலியாக இருக்க முடியாதவை என்றால் 13 வர வேண்டும். 8 என்று வந்தால் முதல் நெடுவரிசை மட்டுமே தேடலுக்குப் பயன்பட்டிருக்கிறது.

படி 8: எழுதும் செலவு

டேபிளில் எட்டு இண்டெக்ஸ் இருந்தால் ஒரு பதிவைச் சேர்ப்பது ஒன்பது இடத்தில் எழுதுவது. போஸ்ட்கிரெஸில் புதுப்பிப்பும் கவனிக்க வேண்டியது. மாறிய நெடுவரிசை எந்த இண்டெக்ஸிலும் இல்லாமல், அதே பக்கத்தில் இடமும் இருந்தால், இண்டெக்ஸ்களைத் தொடாமல் வேலை முடியும். மாறியது ஒரே ஒரு இண்டெக்ஸில் இருந்தாலும் எல்லா இண்டெக்ஸிலும் புதிய குறிப்பு எழுத வேண்டிவரும். உறுப்பினர் கடைசியாக வந்த நேரம் போல நிமிடத்துக்கு நிமிடம் மாறும் நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் போட்டால் மொத்த டேபிளும் அதன் விலையைக் கொடுக்கும். அதைத் தனி டேபிளுக்கு மாற்றுங்கள். அடிக்கடி புதுப்பிக்கும் டேபிளுக்கு ஃபில்ஃபேக்டரை (பக்கத்தை எத்தனை சதவீதம் நிரப்பலாம் என்ற அமைப்பு) 100-இலிருந்து 90-க்குக் குறைத்தால் பக்கத்தில் இடம் மிச்சமிருக்கும்.

படி 9: ஓடும் டேட்டாபேஸில் சேர்ப்பதும் நீக்குவதும்

போஸ்ட்கிரெஸில் சாதாரணமாக இண்டெக்ஸ் உருவாக்கினால் முடியும்வரை அந்த டேபிளில் எழுத முடியாது. கன்கரென்ட்லி என்று சேர்த்தால் எழுதுவது தடைபடாது. டேபிளை இருமுறை வருடுவதால் நேரம் கூடும், டிரான்சாக்ஷனுக்குள் ஓடாது. டேபிள் அமைப்பை மாற்ற உதவும் பல மைக்ரேஷன் கருவிகள் எல்லாவற்றையும் டிரான்சாக்ஷனுக்குள் போடும் என்பதால் அதை அணைக்க வேண்டிவரும். பாதியில் தோற்றால் இன்வேலிட் என்ற அடையாளத்தோடு ஓர் அரைகுறை இண்டெக்ஸ் அங்கேயே கிடக்கும். அதைக் குவெரிகள் பயன்படுத்தாது, எழுதும் செலவை மட்டும் வாங்கிக்கொண்டிருக்கும். நீக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

மைஎஸ்க்யூஎல்லில் இன்பிளேஸ் முறை, லாக் நன் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். முடியாது என்றால் அது உடனே பிழை சொல்லும், டேபிளைப் பூட்டிவிட்டு உட்காராது. அந்த டேபிளைத் தொட்டபடி நீண்ட டிரான்சாக்ஷன் ஏதாவது திறந்திருந்தால் நம் கட்டளை காத்திருக்கும். நமக்குப் பின்னால் வரும் சாதாரண குவெரிகளும் வரிசையில் நின்றுவிடும். காத்திருக்கும் நேரத்துக்கு சில நொடிகள் என்று வரம்பு வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

நீக்க வேண்டியவற்றைக் கண்டுபிடிக்க போஸ்ட்கிரெஸில் பிஜி_ஸ்டாட்_யூசர்_இண்டெக்ஸஸ், மைஎஸ்க்யூஎல்லில் சிஸ் ஸ்கீமாவின் பயன்படாத இண்டெக்ஸ் பட்டியல். பயன்பாடு பூஜ்யம் என்று பார்த்ததும் நீக்கிவிடாதீர்கள். யுனிக் விதியைக் காக்கும் இண்டெக்ஸ் தேடலுக்குப் பயன்படாமலே வேலை செய்துகொண்டிருக்கலாம். அறிக்கைகள் ரெப்ளிகாவில் (நகல் சர்வரில்) ஓடினால் அதன் எண்ணிக்கை அங்கேதான் பதிவாகும், ஆகவே எல்லா சர்வரிலும் பாருங்கள். மைஎஸ்க்யூஎல்லின் எண்ணிக்கை மறுதொடக்கத்தோடு அழிந்துவிடும் என்பதால், எத்தனை நாள் கணக்கு அது என்றும் பாருங்கள். மாதக் கடைசியில் ஒரே நாள் ஓடும் குவெரியும் அதற்குள் வந்திருக்க வேண்டும்.

மைஎஸ்க்யூஎல் 8.0 முதல் இண்டெக்ஸை இன்விசிபிள் ஆக்கலாம். குவெரிகள் அதைப் பார்க்காது, ஆனால் பின்னணியில் அது புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். ஒரு மாதச் சுற்று முடியும்வரை அப்படி வைத்திருங்கள். ஏதாவது குவெரி மெதுவானால் ஒரே கட்டளையில் மறுபடி தெரியவைக்கலாம், 2 கோடிப் பதிவுகளுக்கு மீண்டும் கட்டவேண்டிய வேலை இருக்காது. யாரும் அதைத் தேடவில்லை என்றால் பிறகு நீக்குங்கள்.